பத்தாவது நாற்பத்தெட்டு மீட்டர்

ஒரு மனித உயிரின் விலை நாற்பத்தெட்டு மீட்டர் இரும்புத் தகடு.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வகுத்துப் பார்த்துச் சொல்கிறேன். சாலையில் ஏதாவது ஒரு ஐந்நூறு மீட்டருக்குள், மூன்று வருஷத்தில், பத்துப் பேர் செத்தால் அந்த இடம் 'ஆபத்துப் பகுதி' என்ற பட்டியலில் ஏறும். ஏறினால்தான் அங்கே தடுப்பு போட அரசாங்கம் பணம் ஒதுக்கும். எங்கள் ஊருக்கு வெளியே உள்ள வளைவுக்குத் தேவையான தடுப்பு நானூற்று எண்பது மீட்டர். பத்துப் பேருக்கு நானூற்று எண்பது. தலைக்கு நாற்பத்தெட்டு. பேரம் கிடையாது.

இனி நான் எழுதப்போவது நடந்தது. சத்தியம் செய்து தரத் தயார்தான், ஆனால் நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. ஒரு நாளைக்கு இருபது முறை "அடக்க விலைக்கே தர்றேன்" என்று சத்தியம் செய்த துணிக்கடைக்குள் வளர்ந்தவன். என் சத்தியத்தை நானே நம்ப மாட்டேன். அதனால் நேரத்தையும் அளவையும் மட்டும் சொல்கிறேன். அவற்றை நம்புங்கள்.

என் தொழில் சாலைப் பாதுகாப்புப் பொருட்கள். தடுப்புத் தகடு, எச்சரிக்கைப் பலகை, இரவில் மின்னும் ரிஃப்ளெக்டர், எல்லாம். அந்த வளைவு ஏமாற்றுக்கார வளைவு. நேராகப் போவது போல ஆசை காட்டிவிட்டுச் சட்டென்று இடது பக்கம் முறிக்கும். வெளிப்புறம் பன்னிரண்டு அடிப் பள்ளம். பள்ளத்தில் பாறை.

போன வருஷம் சாலைத்துறை இன்ஜினியர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்.

"எட்டு ஆயிடுச்சுங்க. இன்னும் ரெண்டுதான். இரும்பு விலை இறங்கியிருக்கு, இப்பவே எடுத்து வெச்சுக்கோங்க."

எடுத்து வைத்தேன். கடன் வாங்கி எடுத்து வைத்தேன். நானூற்று எண்பது மீட்டர் தகடு என் குடோனில் அடுக்கடுக்காகப் படுத்தது. இரண்டு மாதத்தில் ஒன்பதாவது ஆள் போனார். பேக்கரி வண்டி ஓட்டியவர். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை.

நான் கொலைகாரன் இல்லை. குடை வியாபாரி மழைக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தேன். அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. மூன்று வருஷக் கணக்கு என்பதால் பழைய சாவுகள் காலாவதியாகிவிடும். பட்டியலில் முதல் ஆள் ஒரு கொத்தனார். அடுத்த மாதம் அவருடைய மூன்று வருஷம் முடிகிறது. அவர் கழன்றால் ஒன்பது எட்டாகும். மாத்திரைக்கு இருப்பது போல மனுஷனுக்கும் தேதி உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஃபிரிட்ஜ் மெக்கானிக் விழுந்தார்.

முப்பத்து நாலு வயது. பைக்கில் வேலை முடிந்து திரும்பியவர். வளைவின் கடைசியில், நீல வர்ணம் அடித்த கம்பத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தில் கிடந்தார். உயிர் இருந்தது. புதிதாகக் கட்டிய விபத்து சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நம்பர் படுக்கை. மூச்சு மெஷின்.

என் தங்கை அங்கேதான் நர்ஸ். தினமும் ஸ்கூட்டரில் அந்த வளைவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள், வருகிறாள்.

இன்ஜினியர் எனக்கு விதியைச் சொன்னார். "ஆஸ்பத்திரியில செத்தாலும் நம்ம கணக்குலதான் வருவாரு. ஆனா விழுந்த நாள்லேர்ந்து முப்பது நாளுக்குள்ள. முப்பத்தொண்ணுன்னா அது விபத்துச் சாவு இல்ல."

"பின்ன என்ன சாவுங்க?"

"சும்மா சாவு."

அன்றிலிருந்து தினமும் காலையில் தங்கையைக் கேட்பேன். "ஆறாம் நம்பர் எப்படிம்மா இருக்காரு?" அவள் உருகிப் போனாள். வார்டு முழுக்கச் சொல்லியிருக்கிறாள், "எங்கண்ணனுக்கு எவ்வளவு இரக்கம் பாருங்க, யாரோ எவரோ, தினமும் விசாரிக்கிறாரு." என் இரக்கத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தனுப்பினேன். மயக்கத்தில் கிடப்பவருக்கு ஆரஞ்சு. நர்சுகள் சாப்பிட்டார்கள்.

இருபத்து நாலாம் நாள் நேரில் போனேன். தங்கை ஒரு மேலங்கியும் நீல நிறத்தில் கால் உறையும் மாட்டி உள்ளே விட்டாள். "ரெண்டே நிமிஷம்ணா" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கப் போனாள்.

அறையில் நானும் அவரும் மட்டும். மெஷின் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

உஸ்ஸ்ஸ்... டக்.

உஸ்ஸ்ஸ்... டக்.

நான் குனிந்து அவர் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இப்போது எழுதக் கை வரவில்லை. பின்னால் வரும். அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் இறந்தது முப்பத்தொன்றாம் நாள். இரவு பன்னிரண்டு மணி பத்து நிமிஷம்.

பத்து நிமிஷம்! பன்னிரண்டு அடிக்கும் முன்னால் போயிருந்தால் முப்பதாம் நாள். காலையில் செய்தி வந்ததும் நான் வருத்தப்படவில்லை, கோபப்பட்டேன். சரக்கு லாரியைத் தவறவிட்டவன் போல இன்ஜினியரிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சாயங்காலம் ஐந்தரைக்கு அவரே போன் செய்தார்.

"ஒரு வழி இருக்கு. பெட்ரோல் பங்க்குக்கு எதுத்தாப்ல ஒரு கிழவர் செத்தாரு ஞாபகம் இருக்கா? அது நம்ம ஐந்நூறு மீட்டருக்கு வெளியன்னு விட்டுட்டோம். ஆரம்பத்தைக் கொஞ்சம் முன்ன தள்ளி அளந்தா அவரு உள்ள வருவாரான்னு பாருங்க. வந்தா பத்து. நாளைக்குக் காலையில எனக்குக் கணக்கு வேணும்."

செத்தவர் அசையமாட்டார். கோட்டை அசைக்கலாம். இதுதான் எங்கள் தொழில்.

கிளம்பினேன். என் ஆட்கள் எல்லாரும் வேறு வேலையில் இருந்தார்கள். தனியாகப் போனேன்.

மணி 6.35. வேனை எங்கள் ஐந்நூறு மீட்டர் தொடங்கும் மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து வளைவின் கடைசி வரை அளந்தால்தான் எவ்வளவு முன்னால் தள்ளலாம் என்று தெரியும். தூறல். வெளிச்சம் அநேகமாகப் போய்விட்டது. கையில் ஐம்பது மீட்டர் டேப், டார்ச், சாக்கட்டி. அப்போதுதான் உறைத்தது... டேப்புக்கு இரண்டு முனை. ஒருவன் ஒரு முனையைப் பிடித்தால்தான் இன்னொருவன் இழுக்க முடியும். இருபது வருஷம் தொழில் செய்பவன் செய்யும் தப்பா இது? கொக்கியைக் கல்லிடுக்கில் மாட்டிப் பார்த்தேன். நழுவியது. மறுபடி மாட்டினேன். நழுவியது.

"நான் புடிச்சுக்கறேண்ணே."

திரும்பினேன். மதகுச் சுவர் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வரும்போது அங்கே யாரும் இல்லை... நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம். மெலிந்த ஆள். முழுக்கைச் சட்டை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் போல என்று நினைத்தேன்.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றேன். சும்மா செய்கிறேன் என்று வருபவனை நான் நம்புவதில்லை. கடைசியில் அவன்தான் அதிகமாகக் கேட்பான்.

"சிரமம் இல்லண்ணே. எனக்கும் இதுல வேலை இருக்கு."

பேரம் பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்ப்பது எங்கள் அப்பாவின் பழக்கம். முகம் நடிக்கும், கால் நடிக்காது என்பார். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. டார்ச்சை அவர் காலில் அடித்தேன். கால் இருந்தது. கதைகளில் வருவது போல இல்லாமல் போகவில்லை. இரண்டும் இருந்தன. வெறுங்கால். குதிகாலில் வெள்ளைத் துணிக்கட்டு.

சேறு இல்லை.

சுற்றிலும் சொதசொதவென்று செம்மண் சேறு. என் செருப்பில் அரைக் கிலோ ஏறியிருந்தது. அவர் பாதம் மட்டும் வெளுத்து, வழவழவென்று, ஒரு மாசமாகத் தரையையே தொடாத பாதம் போல இருந்தது.

சுவரில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் சேறு படவில்லை. சரிதான்.

மணி 6.41. அவர் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மதகின் ஓரத்தில் உட்கார, நான் டேப்பை இழுத்துக்கொண்டு வளைவு பக்கம் நடந்தேன். டேப் திடீரென்று நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு.

"ஏங்க, விடுங்க. இன்னும் ரெண்டு மீட்டர் இருக்கு!"

"போதும்ணே."

"யாருக்குப் போதும்?"

"ஒரு ஆளுக்கு."

சிரிப்பு வந்தது எனக்கு. கிறுக்கனோடு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பரவாயில்லை, நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டாகவே அளந்து பெருக்கிக்கொள்ளலாம். சாக்கட்டியால் கோடு போட்டு, "வாங்க" என்றேன். அவர் எழுந்து என் கோட்டை நோக்கி வந்தார். இருட்டில் உருவம் தெரியவில்லை. சத்தம்தான் வந்தது.

உஸ்ஸ்ஸ்... டக்.

தூரத்தில் எங்கோ லாரி பிரேக் பிடிக்கிறான் என்று நினைத்தேன்.

கோட்டில் வந்து உட்கார்ந்தார். கொக்கியைப் பிடித்தார். பிடிக்கும்போது சொன்னார்.

"அது கொத்தனாருக்கு."

நான் நடந்தேன். இரண்டாவது நாற்பத்தெட்டு. கோடு போட்டேன். அவர் வந்தார். உஸ்ஸ்ஸ்... டக்.

"இது அந்த வீட்டுக்காரருக்கு. அடுத்தது அவர் சம்சாரத்துக்கு. ஒரே பைக்குல வந்தாங்க."

என் கை சற்று நின்றது. பட்டியலில் முதல் ஆள் கொத்தனார். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பைக்கில் வந்த புருஷன் பெண்டாட்டி. அந்த வரிசை பேப்பரில் வரவில்லை. இன்ஜினியரின் ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் எந்த மனுஷனுக்கும் பயம் வந்திருக்கும். எனக்குச் சந்தேகம் வந்தது. போட்டிக் கம்பெனிக்காரன் ஆள் வைத்து ஃபைலைப் பார்த்துவிட்டான், வேவு பார்க்க அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். வியாபாரப் புத்தி அப்படி. பேய்க்கும் கமிஷன் ஏஜென்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

"தம்பி யாரு? எங்க வேலை?"

பதில் உடனே வரவில்லை.

உஸ்ஸ்ஸ்... டக்.

"இப்ப வேலை இல்லண்ணே. ஒரு மாசமா படுத்துட்டேன்."

அப்போதுதான் கவனித்தேன். அந்த 'டக்' விழுந்த பிறகுதான் அவர் பேசினார். ஒவ்வொரு முறையும். நடுவில் ஒரு சொல் கூட இல்லை. ஏறும்போது மௌனம். விழுந்த பின் பேச்சு.

நாலாவது. "பேப்பர் போடறவரு."

ஐந்தாவது. "லாரி கிளீனரு."

மணி 7.14. தூறல் வலுத்தது. என் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கோட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் மேல் டார்ச் பட்டது, தற்செயலாகத்தான்.

சட்டை காய்ந்திருந்தது.

மடிப்புக் கூடக் கலையவில்லை. இடது மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ ஒரு பட்டை. வாட்ச் இல்லை.

"போயிடலாம் தம்பி. மழை ஜாஸ்தியாகுது" என்றேன். என் குரல் எனக்கே வாடிக்கையாளரிடம் பேசும் குரல் போல் கேட்டது. குழைந்து.

"இழுத்தடிக்கக் கூடாதுண்ணே. நீங்கதானே சொன்னீங்க."

நான் அவரிடம் அப்படி எப்போது சொன்னேன்?

வேனைத் திரும்பிப் பார்த்தேன். இருநூற்று நாற்பது மீட்டர் பின்னால். நடுவில் அவர். முன்னால் வளைவு. ஒரு பக்கம் பாறைச்சுவர், ஒரு பக்கம் பள்ளம். நடந்தேன். வேறு வழி தெரியவில்லை.

ஆறு. "டெய்லர்."

ஏழு. "டீச்சரம்மா."

எட்டு. "பெயின்ட் அடிக்கறவரு."

ஒன்பது. "பேக்கரி வண்டி."

ஒவ்வொரு முறையும் டேப் நாற்பத்தெட்டில் நின்றது. நான் பார்க்கக் கூட இல்லை. கை உணர்ந்தது.

சத்தம் கிட்டே வந்துவிட்டது. நாற்பத்தெட்டு மீட்டர் தள்ளி இருப்பவரின் மூச்சு எப்படிக் கேட்கும்? ஆனால் கேட்டது. முதுகுக்குப் பின்னால்...

உஸ்ஸ்ஸ்... டக்.

உஸ்ஸ்ஸ்... டக்.

அது மனுஷ மூச்சு இல்லை. மனுஷ மூச்சு ஒன்று நீளும், ஒன்று குறையும். இது அளந்து வெட்டியது போல இருந்தது. ஒன்றுக்கொன்று ஒரு நூல் கூட வித்தியாசம் இல்லை.

அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

மணி 7.49.

பத்தாவது தடவை. டேப் நின்றது. நான் நின்ற இடத்தில் டார்ச் அடித்தேன். நீல வர்ணம் அடித்த கம்பம்.

திரும்பவில்லை. திரும்பாமலே கேட்டேன்.

"இது... யாருக்கு?"

உஸ்ஸ்ஸ்...

டக் விழவில்லை.

எதிரே ஒரு லாரி வளைவில் திரும்பியது. அதன் விளக்கு சாலை முழுவதையும் பகலாக்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மஞ்சள் டேப் என் கையிலிருந்து நேராகப் போனது. விறைப்பாக. இடுப்பு உயரத்தில். தொய்வில்லாமல். நாற்பத்தெட்டு மீட்டர் தள்ளி, அந்தரத்தில், அதன் கொக்கி நின்றது.

பிடிக்க யாரும் இல்லை.

லாரி போய்விட்டது.

இருட்டு.

டேப் ஒரு முறை சுண்டியது. மீன் கடித்த தூண்டில் போல.

டக்.

காதோரம். என் இடது காதோரம். குளிர்ந்த மூச்சு.

"முப்பதுக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டேண்ணே. நீங்க சொன்ன மாதிரியே."

இப்போது சொல்லிவிடுகிறேன். இருபத்து நாலாம் நாள், ஆறாம் நம்பர் படுக்கையில், மயங்கிக் கிடந்த அந்த மனுஷனின் காதில் நான் குனிந்து சொன்னது இதுதான்: "இழுத்தடிக்காதப்பா. முப்பதுக்குள்ள பாத்து முடிச்சுக் குடுத்துடு. உனக்கு ஒரு நாப்பத்தெட்டு மீட்டர் நான் போட்டுடறேன்."

பாக்கி வசூலிக்கப் போன இடத்தில் பேசுவது போலத்தான் பேசினேன். அறையில் வேறு யாரும் இல்லை. யாருக்கும் தெரியாது. பெண்டாட்டிக்குக் கூடச் சொல்லவில்லை.

டேப்பைப் போட்டேன். ஓடினேன்.

எப்படி வேனுக்கு வந்தேன் என்று தெரியாது. வீட்டு வாசலில் மணி 8.20. ஒரு செருப்பு இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். மழை, களைப்பு, குற்ற உணர்ச்சி. மூன்றும் சல்லிசாகக் கிடைப்பவை.

மறுநாள் காலை, கிழவர் கணக்குக்குள் வரமாட்டார் என்று இன்ஜினியருக்குப் போன் செய்துவிட்டு வேனைத் திறந்தேன். பக்கத்து இருக்கையில் டேப் இருந்தது.

சாலையில் போட்டுவிட்டு வந்த டேப். அழகாகச் சுற்றியிருந்தது. காய்ந்திருந்தது. கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் மணிக்கட்டில் கட்டுவார்களே, அது. அதில் பேனாவால் எழுதியிருந்தது: படுக்கை 6. அதன் கீழே, இரவு 9.20.

தங்கை இரவு வேலை முடிந்து எட்டேகாலுக்கு வந்தாள். பட்டையை மேஜை மேல் வைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள்.

"இது எங்க கிடைச்சுதுண்ணா?"

"உன் கையெழுத்துதானே?"

"எங்க கிடைச்சுதுன்னு கேக்கறேன்."

"வேன்ல."

"பொய் சொல்லாத. இதை நான் வெட்டி மஞ்சப் பையில போட்டேன். அந்தப் பை அன்னிக்கு ராத்திரியே எரிக்கப் போயிடுச்சு. நானே கையெழுத்து போட்டுக் குடுத்தேன்."

உட்கார்ந்தாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள். அழாமல், வார்டு அறிக்கை படிப்பது போல.

அவர் செத்தது முப்பதாம் நாள். இரவு 9.20க்கு. டியூட்டி டாக்டர் பார்த்து, நேரம் சொல்ல, இவள் பட்டையில் குறித்தாள். பெரிய டாக்டருக்குப் போன் போயிற்று. அங்கிருந்து பதில் வந்தது: 'மெஷினை நிறுத்த வேண்டாம். பன்னிரண்டு தாண்டட்டும்.' மையத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. முப்பது நாளுக்குள் சாகிறவர்களின் எண்ணிக்கை எங்கே குறைவோ அந்த மையத்துக்கு அரசாங்கக் கேடயம். அந்த வருஷம் இன்னும் ஒரு சாவு ஏறினால் கேடயம் கை நழுவும்.

"அதனால பன்னெண்டு பத்து வரைக்கும் வெச்சிருந்தோம். உசுரு இல்லாத உடம்புல மெஷின் மூச்சு ஊதிட்டிருந்துச்சு. நெஞ்சு ஏறி ஏறி இறங்குச்சு. அவரு பெண்டாட்டி கண்ணாடி வழியாப் பாத்துட்டு, மூச்சு வருதே, மூச்சு வருதேன்னு சிரிச்சா. நான் அங்கதான் நின்னேன்." ஹெல்மெட் வாரை மாட்டிக் கழற்றினாள். "அப்புறம் புதுப் பட்டை எழுதிக் கட்டினேன். பன்னெண்டு பத்துன்னு."

ஆக, அவர் வாக்குத் தவறவில்லை. இரண்டு மணி நாற்பது நிமிஷம் மிச்சம் வைத்தே முடித்துக் கொடுத்திருக்கிறார். தவணை தவறியவர்கள் நாங்கள்.

"நீ எழுதிக் குடுத்தா அவரு பத்தாவதா கணக்குல ஏறுவாரு" என்றேன். அந்த நிமிஷத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"குடுத்தா என் வேலை போகும். பட்டை எங்கேன்னு கேப்பாங்க. எரிஞ்ச பட்டை எங்கண்ணன் வேன்ல வந்துச்சுன்னு சொல்லட்டுமா?" ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்தாள். "குடோன்ல நானூத்து எண்பது மீட்டர் தூங்குது. எடுத்துப் போட்டுடேன்ணா. நான் தினமும் அதுலதான் வர்றேன்."

"கடன்ல வாங்கினதும்மா. சும்மா போட்டா முதலே போயிடும்."

"சரி. பத்தாவது ஆளா நான் விழுந்தா முதல் திரும்பிடும்ல? விடு, பாத்துக்கலாம்."

என்னைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு துல்லியமாக விலை சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு இரண்டு வெல்டர்களைக் கூட்டிக்கொண்டு போய், நீலக் கம்பத்திலிருந்து பின்பக்கமாக நாற்பத்தெட்டு மீட்டர் தடுப்பு போட்டேன். என் செலவில். அனுமதி இல்லாமல். எட்டரைக்கு வேலை முடிந்தது. சாலையில் நான் போட்ட சாக்கட்டிக் கோடுகளைத் தேடினேன். இரவெல்லாம் மழை கழுவிய சாலை. ஒரு கோடு கூட அழியவில்லை.

வெல்டர் ஒருவன் கேட்டான். "மொதலாளி, ஏன் இவ்வளவோட நிறுத்திட்டீங்க? மிச்சம்?"

"அது மத்தவங்களோடது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இன்ஜினியர் கூப்பிட்டார். கோபமாக இல்லை. சலித்துப்போய்.

"உங்களை யாரு போடச் சொன்னா? மேலேர்ந்து ஆளு வந்து பாத்துட்டாங்க. 'தடுப்பு ஏற்கெனவே உள்ளது'ன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க. இனிமே பத்து இல்ல, இருபது செத்தாலும் அந்த வளைவு பட்டியல்ல ஏறாது."

"மீதியை நானே போட்டா?"

"அரசாங்க ரோட்டுல அனுமதியில்லாம கை வெச்சீங்கன்னு வழக்கு போடுவாங்க. மொதல் தடவைன்னு சும்மா விட்டிருக்காங்க."

சிகிச்சை மையத்துக்குக் கேடயம் கிடைத்தது. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கொத்தனாரின் தேதி முடிந்துவிட்டது. வளைவில் இறப்பு குறைந்துள்ளது என்று புதிய அறிக்கை சொல்கிறது. தங்கை ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறாள். பஸ்ஸும் அந்த வழிதான்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். போன செவ்வாய்க்கிழமைதான் முடிவு செய்தேன்.

அன்று மாலை 6.41க்குக் குடோனைப் பூட்டப் போனேன். உள்ளே விளக்கு போடவில்லை. தகடுகளின் அடுக்குக்குப் பக்கத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தேன். டார்ச் அடித்தேன்.

டேப் தரையில் கிடந்தது. பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்த டேப். விரித்து, தகடுகளின் நீளத்துக்கு ஒட்டி, நேராக. குனிந்து எண்ணைப் பார்த்தேன்.

நாற்பத்தெட்டு.

அதன் பக்கத்தில், சிமென்ட் தரையில், இரண்டு கால் தடங்கள். சுண்ணாம்பும் சிமென்டும் காய்ந்த, அகன்ற, வெடித்த பாதங்கள். கொத்தனாருடையவை.

இன்றைய தேதிக்குக் கணக்கு இதுதான். வாங்கியது நானூற்று எண்பது மீட்டர். கேட்டவருக்குக் கொடுத்தது நாற்பத்தெட்டு. கையிருப்பு நானூற்று முப்பத்திரண்டு.

கொடுக்க வேண்டியது, ஒன்பது பேருக்கு. ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். எட்டுப் பேர் இன்னும் வரவில்லை.